கரண்ட் இல்லாத ஊருக்கு ஒரு கச்சேரி

மைக் செட்டை வாங்க பங்காரப்பேட்டையிலிருந்து ஆள் வந்த அன்று, குணசுந்தரி ஆம்ப்ளிபயர் இருந்த தகரப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் குழாய் ஸ்பீக்கர் இரண்டையும் தட்டிப் பார்த்தார். மைக்கைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். ஒயர்ச் சுருளைத் தூக்கி எடை பார்த்தார். பெட்டிக்கு வந்தபோது அவள் நகரவில்லை.

"கொஞ்சம் எழுந்திரும்மா, உள்ள இன்னா கீதுன்னு பாக்கணும்."

"பாக்க ஒண்ணுமில்லீங்க. இது விக்கறதுக்கு இல்ல."

"உன் வீட்டுக்காரருதான வரச் சொன்னாரு?"

"அவரு சொன்னாரு. நான் இல்லன்றேன். டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க."

வாசலில் நின்றிருந்த அவள் கணவன் தம்மபாலனுக்கு இந்தப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. வந்தவர் டீயும் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே வந்து கத்தினான். காது போன பிறகு அவனுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரிவதில்லை. மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த அந்த லைன் முழுக்கக் கேட்டது.

"பைத்தியமா உனக்கு? செவிடன் ஊட்ல மைக் செட்டு எதுக்கு?"

அவள் பெட்டியை விட்டு இறங்கவில்லை.

தம்மபாலன் தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவன். கீழே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. ஷிஃப்ட் இல்லாத நாட்களில் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், மஞ்சள் நீராட்டு, விகாரையில் புத்த பூர்ணிமா என்று போய்விடுவான். பாட்டுத் தட்டு போடுவான், கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கு மைக் வைப்பான். செட்டோடு கிளம்புகிற நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, வேறு ஆளாகத் தெரிவான். அறுபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் கீழ் லெவலில் ஒரு ஏர் பிளாஸ்ட். பூமிக்குள் இறுகிக் கிடந்த பாறை திடீரென்று வெடித்துச் சிதறியது. கூட இருந்தவர்கள் அடிபட்டார்கள். இவனுக்கு உடம்பில் ஒரு கீறல் கூட இல்லை. இரண்டு காதும் போய்விட்டன. மேலே லேம்ப் ரூமில் லைட்டு துடைக்கிற வேலை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான்.

குணசுந்தரி அதுவரை எந்த விசேஷத்திலும் செட்டுப் பக்கம் நின்றவள் இல்லை. திரும்பி வந்த ஒயரைத் துடைத்துச் சுருட்டுவாள், ஆம்ப்ளிபயரின் வால்வுகளைக் கழற்றிப் பழைய புடவைத் துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி வைப்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டியை எப்படித் திறக்கிறார்கள், எந்த முள் எதில் போகிறது என்பதெல்லாம் அவள் கண் பார்த்து வைத்திருந்தது. அதை இயக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சுரங்கம் அவரு காத எடுத்துக்கிச்சு," என்றாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம். "இத நாமளே எடுத்துக் குடுக்கணுமா?"

ஒரு மத்தியானம், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தம்மபாலன் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் பெட்டியைத் திறந்தாள். வால்வுகளை மாட்டினாள், மைக்கை மாட்டினாள், பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டாள். குழாய்கள் பரண்மேல் கனமாகக் கிடந்தன; அவற்றை இறக்குவானேன், விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று நினைத்துவிட்டாள். விளக்கு எரிந்தது. மைக்கில் இரண்டு முறை ஊதினாள். சற்று நேரத்தில் கருகல் வாடை வந்தது.

காது போனவனுக்கு மூக்கு இருந்தது. தம்மபாலன் பாயிலிருந்து பாய்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினான்.

"குழாய மாட்டாம சுச்சு போட்டா உள்ள டிரான்ஸ்பார்மர் எரிஞ்சி பூடும்! இன்னா வேல பண்ற நீ?"

அவள் அவன் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, கையையும் சேர்த்து ஆட்டி, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். "அப்ப. சொல்லிக். குடு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டான். ஆனால் மறுநாள் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கருகியிருந்த இடத்தில் புது ஒயர் ஒன்று பளபளவென்று பற்ற வைக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து தினமும் அவன் இல்லாத நேரத்தில் குழாயை மாட்டிப் பழகினாள். அந்தச் சின்ன வீட்டுக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு குழாயின் வாய்க்கு நேரே போனால் அது காது கிழியக் கூவும். குழாயின் முதுகுப் பக்கம் போனால் அடங்கிவிடும். அக்கம்பக்கத்தார் திட்டினார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

ராகி அறுவடை முடிந்த சமயம், பர்னபாஸ் வீடு தேடி வந்தார். சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டுகிறவர். ஆட்கள் இறங்குகிற கேஜ் என்ற இரும்புக் கூண்டை ஏற்றி இறக்குகிற அதே கையால் அருமையாக பிடில் வாசிப்பார். அவர் அக்கா மகள் சாரா பாட, மரியகுழந்தை ஹார்மோனியம் வாசிக்க, ஒரு தபேலாக்காரரையும் சேர்த்துச் சின்னதாக ஒரு கச்சேரிக் குழு வைத்திருந்தார்.

"பூதிகோட்டைய தாண்டி ஒரு கிராமம்மா. திருவிழாவுக்குக் கூப்ட்டிருக்காங்க. ஊர்ல கரண்டே இல்ல. ராபர்ட்சன்பேட்டைல கேட்டேன், யாரும் வரமாட்டேன்றாங்க. உங்க செட்டு பேட்டரிலயும் ஓடும்னு தம்மபாலன் ஒரு தடவ சொன்னதா ஞாபகம்."

"ஓடுங்கண்ணே."

"சாரா கொரலு மெலிசு. மைக் இல்லாம வெட்டவெளில பாடினா மொத வரிசைக்குக் கூடப் போவாது. தம்மபாலன் வருவாரா?"

"நான் வர்றேன்," என்றாள் குணசுந்தரி.

தட்டு போடுவதற்கும் நாலு பேர் சேர்ந்து பாடி வாசிப்பதற்கு மைக் வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று பர்னபாஸ் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று கிளம்பினார்.

தம்மபாலன் வரமாட்டேன் என்றான். கையை ஆட்டி, தலையை ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டி, ஊரே சிரிக்கும் என்றான். நீங்க வரலன்னாலும் நான் போவேன் என்று அவளும் கையாலேயே சொன்னாள். லைனில் லாரி ஓட்டுகிறவர் ஒருவரிடம் பேட்டரி கேட்டு வாங்கினாள். கட்டுவதற்கு இரண்டு நீள மூங்கிலும் கயிறும் தேடி எடுத்து வைத்தாள். கிளம்புகிற நாள் காலையில் மாரிகுப்பம் ஸ்டேஷனில் அவள் பெட்டி, குழாய், ஒயர், குடை என்று சுற்றிலும் சாமான்களோடு நிற்கும்போது, யாரோ பின்னாலிருந்து பேட்டரியைத் தூக்கினார்கள். திரும்பினாள். இஸ்திரி போட்ட சட்டையில் தம்மபாலன்.

"இதுல ஆசிட்டு கீது. சாஞ்சா பொடவ ஓட்டையா பூடும்," என்று பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு ரயிலில் ஏறினான்.

பங்காரப்பேட்டை வரை ரயில், அங்கிருந்து பஸ் கூரையில் குழாய்கள், பூதிகோட்டையிலிருந்து மாட்டு வண்டி. வண்டிப்பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் குணசுந்தரி மடியில் இருந்த வால்வு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கோயில் எதிரில் அரச மரம், அதன் கீழே மண் மேடை. ஊர்த் தலைவரான பட்டேல் வந்து பார்த்தார். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். எந்த ஊர், எந்த லைன் என்று விசாரித்தார். விசாரித்து முடித்ததும் குரல் மாறியது.

"மரத்த நீங்க தொட வேணாம். எங்க ஆளு ஏறிக் கட்டுவான். நீ கீழ நின்னு சொன்னா போதும்."

குணசுந்தரிக்கு இது புதிது இல்லை. பர்னபாஸ் ஏதோ சொல்லப் போனார். அவள் கண்ணால் நிறுத்தினாள். ஆள் ஏறினான். ஆனால் அவன் கேட்டது பட்டேல் சொன்னதை. இரண்டு குழாயையும் மேடைக்கு நேர் மேலே, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கட்டிவிட்டு இறங்கினான். "கச்சேரி ஆரம்பிக்கற வரைக்கும் தட்டு போடும்மா," என்றார் பட்டேல்.

"பேட்டரி ஒண்ணுதாங்க கீது. தட்டு கேட்டா கச்சேரிக்கு இருக்காது. எது வேணும்?"

பெண் ஒருத்தி தன்னை எதிர்க்கேள்வி கேட்டதைப் பட்டேல் இன்னும் ஜீரணித்துக்கொண்டிருந்தார்.

சாரா மைக் முன்னால் வந்து நின்று ஒரு ஸ்வரம் பிடித்ததுதான் தாமதம், குழாய்கள் இரண்டும் ஒரே குரலில் ஊளையிட்டன. மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சனம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தம்மபாலனுக்குச் சத்தம் கேட்கவில்லை. சாரா முகத்தைப் பார்த்தான், சட்டென்று ஆம்ப்ளிபயரின் சத்தக் குமிழைத் திருகி அடக்கினான். பிறகு குணசுந்தரியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. ஊர் சிரிக்கும் என்று சொன்னானே, சிரித்துவிட்டது.

அவள் நேராகப் பட்டேலிடம் போனாள்.

"குழாய் ரெண்டும் எறங்கணுங்க."

"மரத்துலதான் கட்டறது."

"மைக்குக்கு முன்னால போயி, மைக்குக்கு முதுகக் காட்டி நிக்கணும். மேல நின்னு அது வாய்க்குள்ளயே கத்தினா இப்பிடித்தான் கூவும். பாட்டு வேணும்னா எறக்கச் சொல்லுங்க. வேணாம்னா நாங்க வண்டி ஏறிடறோம்."

கூட்டத்தில் யாரோ, "எறக்கப்பா, பாட்டு கேக்கலாம்," என்றார்கள். இன்னும் இரண்டு மூன்று குரல் சேர்ந்தது. பட்டேல் கையை அசைத்தார். ஆள் ஏறி அவிழ்த்துக் கொடுத்தான்.

கூட்டம் உட்காரும் இடத்துக்கு இரண்டு ஓரத்திலும் குழி தோண்டி அவள் மூங்கில்களை நட்டாள். தம்மபாலன் மண் போட்டு இறுக்கினான். பாறைக்கு முட்டுக் கொடுத்த கை, மூங்கில் அசையவில்லை. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டு வண்டியின் மேல் ஏறி நின்று குழாய்களைக் கட்டினாள். ஒன்றின் வாயை ஊர்த் தெருவைப் பார்த்து வைத்தாள். இன்னொன்றை அறுத்துக் கிடந்த ராகி வயலைப் பார்த்து. வயலுக்கு அந்தப் பக்கம், இந்தக் கோயில் பக்கம் வர முடியாதவர்களின் குடிசைகள் இருந்தன. வண்டியில் வரும்போதே அவள் அதைப் பார்த்திருந்தாள்.

"அது எதுக்கு அந்தப் பக்கம் பாக்குது? இந்தப் பக்கம் திருப்பு," என்றார் பட்டேல்.

"திருப்பினா மறுபடி கூவுங்க."

அதில் பாதிதான் உண்மை. கொஞ்சம் திருப்பியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் கயிற்றின் முடிச்சை இறுக்கிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே வண்டியிலிருந்து இறங்கினாள்.

இருந்ததோ ஒரே மைக். சாராவை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். ஹார்மோனியத்தை ஒரு கை தூரத்தில் வைத்தாள். தபேலாவை இன்னும் தள்ளி உட்கார வைத்தாள். பர்னபாஸ் பிடிலோடு மைக்கை ஒட்டி வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் பின்னால போங்க."

"இந்தக் கச்சேரிய நடத்தறவன் நான்தாம்மா."

"நடத்துங்கண்ணே. பின்னால நின்னு நடத்துங்க."

மரியகுழந்தை சிரிப்பை அடக்க முடியாமல் துருத்தியை அழுத்தினார்.

இனி ஒரு சிக்கல் பாக்கி. குமிழ் இருக்கும் இடத்தில் நின்றால் கடைசியில் இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அங்கே போனால் குமிழைத் திருக ஆள் வேண்டும். அவள் தம்மபாலனை ஆம்ப்ளிபயர் முன் உட்கார வைத்தாள். கையில் இருந்த குடையைக் காட்டினாள். கேஜுக்கு மணி அடிக்கிற மாதிரி என்று மணியடிப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினாள். ஒரு தடவை தூக்கினால் அப்படியே நிறுத்து. இரண்டு தடவை தூக்கினால் இறக்கு. மூன்று தடவை தூக்கினால் ஏற்று. வருஷக்கணக்காகக் கேஜில் ஏறி இறங்கியவனுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இடது கையைத் தகரப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டான், வலது கையைக் குமிழில் வைத்தான், கண்ணைக் கூட்டத்தின் கடைசிக்கு அனுப்பினான்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சாரா பாடினாள். குணசுந்தரி கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வயல் ஓரம் வரை போனாள். குரல் வந்தது, ஆனால் யாரோ பக்கத்து வீட்டுக்குள் முணுமுணுப்பதுபோல் வந்தது. குடை மூன்று முறை எழுந்தது. குரல் வளர்ந்தது. இன்னும் மூன்று முறை. இப்போது குரல் தெளிவாக வந்து வயலில் விழுந்தது. ஒரு முறை தூக்கி நிறுத்தினாள். உடனே பிடில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பர்னபாஸ் பாட்டில் மயங்கி ஒவ்வோர் அடியாக மைக்குக்கு வந்துவிட்டிருந்தார். அதற்குக் குடையில் சைகை இல்லை. அவள் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி, மேடையில் ஏறி, பாட்டின் நடுவிலேயே அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு இறங்கினாள். வில் ஒரு வீச்சு கூடத் தவறவில்லை. முன் வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுபடி வயல் ஓரத்துக்கு வந்தபோது, அந்தப் பக்கம் சனம் கூடியிருந்தது. குடிசைகளிலிருந்து வந்து அறுத்த ராகித் தாளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். தலையில் விறகுக் கட்டோடு நின்ற ஒரு பெண் கட்டைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டாள். "யாரும்மா பாடறது?"

"எங்க மாரிகுப்பத்துப் பொண்ணு."

"பக்கத்துல நின்னு பாடற மாதிரியே கீது." அவள் விறகுக் கட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

கடைசிக்கு இரண்டு பாட்டு இருக்கும்போது குரல் கம்ம ஆரம்பித்தது. பேட்டரி இறங்குகிறது. குணசுந்தரி ஓடி வருவதற்குள் தம்மபாலனுக்குத் தெரிந்திருந்தது. ஆம்ப்ளிபயரின் சின்ன விளக்கு மங்குவதை அவன் கண் பிடித்திருந்தது. ஒரு குழாயை நிறுத்தினால் மற்றது தாங்கும். பாட்டு முடிந்த இடைவெளியில் குமிழை அடக்கிவிட்டு, நீள ஒயரில் தொங்கிய வயல் பக்கத்துக் குழாயைக் கழற்றக் கை நீட்டினான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். வயலைக் காட்டினாள். அவன் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து, அங்கே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். பிறகு குனிந்து தெருப் பக்கத்து ஒயரைக் கழற்றினான்.

பட்டேல் வந்துவிட்டார். "எங்க பக்கம் நின்னு போச்சே?"

"பேட்டரி எறங்குதுங்க. மேடை கிட்ட வந்து உக்காருங்க, சாரா கொரலு நேராவே கேக்கும்."

"அந்தப் பக்கத்த நிறுத்தறதுதான?"

"அவங்க கிட்ட வர முடியாதுங்களே."

கூட்டம் பட்டேலையும் அவளையும் பார்த்தது. சாரா அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டாள். அவர் தன் பெஞ்சைத் தூக்கி வரச் சொல்லி மேடையருகில் போட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்வதற்குள் கச்சேரி முடிந்தது.

யாரும் மாலை போடவில்லை, நல்லா இருந்தது என்று அவளிடம் சொல்லவும் இல்லை. பாராட்டெல்லாம் சாராவுக்கும் பர்னபாஸுக்கும் போனது. திரும்பி வரும் பஸ்ஸில் தம்மபாலன் திடீரென்று, வண்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, "ஒயரு பத்தல. இன்னொரு சுருள் இருந்தா வயலுக்கு நடுவுலயே நட்டிருக்கலாம்," என்றான்.

குணசுந்தரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுவதைப் பார்த்தால் அதற்கும் சத்தம் போடுவான். செட்டை விற்கும் பேச்சு அதற்கு மேல் அந்த வீட்டில் எழவில்லை.

மறு வருஷம் அந்த ஊரிலிருந்து கூப்பிட்டது பட்டேல் இல்லை. வயலுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். போனார்கள். பேத்தமங்களாவுக்குப் போனார்கள், ஏரிக்கரையில் காற்று மைக்குக்குள் புகுந்து இரைந்தபோது அவள் மைக்குக்குக் கைக்குட்டையைக் கட்டிப் பாடச் சொன்னாள். எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. "ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பிய கல்யாண வீடுகள் உண்டு. ஒரு தடவை மழையில் குழாய் ஒன்று நனைந்து பாழாகி, ஒற்றைக் குழாயோடு ஒரு வருஷம் ஓட்டினார்கள். குடையை அவள் சரியாகத் தூக்கவில்லை, இவன் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் சண்டை. சண்டையில் அவன் கத்துவான், அவள் கையை ஆட்டுவாள், லைன் சனம் வேடிக்கை பார்க்கும். அவனுக்குக் காது திரும்பவே இல்லை. ஆனால் லேம்ப் ரூமிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றுவிட்டது.

எழுபத்தோராம் வருஷம் புத்த பூர்ணிமாவுக்கு, ஊர்வலத்தில் தட்டு வேண்டாம், நடந்துகொண்டே பாடப் போகிறோம், அதற்கு மைக் வைக்க முடியுமா என்று விகாரைக்காரர்கள் கேட்டார்கள். நகர்கிற கச்சேரிக்கு அவள் அதுவரை மைக் வைத்ததில்லை. முடியும் என்றாள். கைவண்டியில் பேட்டரியையும் ஆம்ப்ளிபயரையும் ஏற்றினாள், குழாய்களை வண்டியின் முன்பக்கம் உயரக் கட்டினாள், மைக்கை வண்டிக்குப் பின்னால் பாடகர்கள் நடுவில் ஒருவர் பிடித்துவரச் செய்தாள். தம்மபாலன் வண்டியோடு பக்கவாட்டில் நடந்தான், ஒரு கை குமிழில். அவள் ஊர்வலத்தின் கடைசியில் வந்தாள். மாரிகுப்பம் ஸ்டேஷன் வரை எல்லாம் சரியாகப் போயிற்று. அங்கே தெரு சரிவாக இறங்கியதும் வண்டி தானாக வேகம் பிடித்தது. ஒயர் மைக்கையும் அதைப் பிடித்திருந்தவரையும் இழுக்க, பாடிக்கொண்டிருந்தவர்கள் மைக்கைத் துரத்திக்கொண்டு மூச்சு வாங்க ஓட வேண்டியதாயிற்று.

குணசுந்தரி குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். "வண்டியப் புடிங்கப்பா! மெதுவா, மெதுவா எறக்குங்க, சரணம் இன்னும் முடியல!"